கொரில்லா நின்ற வாசல்

இந்த நேரலையில் வழக்கமாக நூல்களைப் பற்றித்தான் பேசுவோம். இன்றைக்கு ஒரு கடையைப் பற்றிப் பேசட்டுமா என்று கேட்டேன். ஒழுங்கு செய்பவர்கள் மறுக்கவில்லை. புடைவைக் கடையோ மரக்கறிக் கடையோ என்று நினைக்க வேண்டாம். ஆங்கிலத்தில் சர்ப்ளஸ் ஸ்ரோர் என்பார்கள். அதற்கென்று ஒரு தமிழ்ச்சொல் எங்களிடம் புழங்கவில்லை. மிச்சச் சாமான் கடை என்று வைத்துக்கொள்கிறேன். அதிலும் இலத்திரனியல் மிச்சச் சாமான் கடை.

ரொறன்ரோவில், குயின் வீதி மேற்கில், ஸ்பதைனாவுக்குச் சற்றுக் கிழக்கே ஒரு வாசலில் பெரிய கொரில்லா பொம்மை ஒன்று நிற்கும். ரூறிஸ்ற்காரர்கள் அதன் தோளில் கை போட்டுப் படம் எடுப்பார்கள். அதைத் தாண்டிப் படியேறினால் ஆக்ரிவ் சர்ப்ளஸ். உள்ளே பெட்டி பெட்டியாகச் சின்ன மோட்டர்கள், சுவிட்சுகள், காந்தங்கள், கண்ணாடி வில்லைகள், கணினி விசிறிகள், எந்த யந்திரத்தின் எந்த உறுப்பு என்றே சொல்ல முடியாத பிளாஸ்ரிக் துண்டுகள். கொஞ்சம் தள்ளி சுப்ரீம்ட்ரொனிக் என்று இன்னொரு கடை இருந்தது. பக்கத்திலே ஓவியக் கல்லூரி இருந்ததால் மாணவர்கள் வருவார்கள், சினிமாவுக்கு விண்கலம் செய்கிறவர்கள் வருவார்கள், றேடியோ திருத்துகிறவர்களும் வருவார்கள். கனடாவுக்கு வந்த புதிதில் நானும் ஒருநாள் ஏறிப் பார்த்திருக்கிறேன். வேண்டிய சாமான் ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு மணித்தியாலம் வெளியே வர மனம் வரவில்லை.

2014 முடிந்து 2015 பிறக்கிற காலத்தில் அந்தக் கடை குயின் வீதியை விட்டுப் போனது. அப்போது பத்திரிகைகளில் வந்தவற்றில் பெரும்பாலும் கொரில்லாவைப் பற்றிய ஏக்கம்தான் இருந்தது. வாடகை ஏறிவிட்டது, இணையம் வந்துவிட்டது என்று இரண்டு காரணம் சொல்லிக் கதையை முடித்துவிட்டார்கள். இரண்டும் பொய் இல்லை. ஆனால் நான் இருக்கும் பிறம்ரனிலிருந்து பார்த்தால் கதை வேறு இடத்தில் தொடங்குகிறது.

மிச்சம் எங்கிருந்து வந்தது என்பதுதான் முதற்கேள்வி. ஒரு மிச்சச் சாமான் கடை புதுச் சரக்கை ஓடர் பண்ணி எடுப்பதில்லை. எங்கோ அளவுக்கு மீறிச் செய்ததை, வாங்கிவிட்டுப் பாவிக்காததை, மூடிய தொழிற்சாலையின் மேசையில் கிடந்ததை, கிலோ கணக்கிலோ லொறிக் கணக்கிலோ வாங்கி வந்து, ஒவ்வொன்றாகக் காசுக்கு விற்கும். ஆகவே அந்தக் கடை ஒரு நிழல். அருகில் ஏதோ பெரிதாக நிற்கும் வரையில்தான் நிழலும் விழும்.

முதலில் நின்ற பெரிய விடயம் போர். இரண்டாம் உலகப்போர் காலத்தில் ரொறன்ரோவின் லீசைட் பகுதியில் ஆராய்ச்சித் தொழிலகம் என்று சொல்லக்கூடிய ரிசேர்ச் என்ரர்பிறைசஸ் என்ற அரச கொம்பனி 1940இல் தொடங்கப்பட்டது. ராடர் கருவிகளும் ஒளியியற் கண்ணாடிகளும் அங்கே செய்யப்பட்டன. ஆயிரக்கணக்கானவர்கள் வேலை செய்தார்கள், பெண்கள் நிறையப் பேர். போர் முடிந்ததும் 1946இல் அது மூடப்பட்டது. இப்படிக் குவிந்துபோன இராணுவச் சொத்துகளை விற்றுத் தீர்ப்பதற்கென்றே கனடா அரசு வோர் அசெற்ஸ் கோப்பறேஷன் என்று ஒரு நிறுவனத்தை வைத்திருந்தது. வானொலிக் குழாய்கள், மீற்றர்கள், தந்திச் சாவிகள், வயர்ச் சுருள்கள் எல்லாம் கொள்ளை மலிவாகச் சந்தைக்கு வந்தன.

வட அமெரிக்கா முழுவதும் இதே கதைதான். மிச்சிகன் மாநிலத்தில் விமான உதிரிப்பாகங்கள் விற்றுக்கொண்டிருந்த ஹீத் என்ற கொம்பனி, போர் முடிந்ததும் இராணுவத்தின் மிச்சப் பாகங்களை மொத்தமாக வாங்கியது. 1947இல் அவற்றை வைத்து ஒசிலோஸ்கோப் ஒன்றை நீங்களே பூட்டிக்கொள்ளலாம் என்று பெட்டியில் போட்டு விற்றது. மின்னலையைத் திரையில் கோடாகக் காட்டும் அந்தக் கருவி அதுவரை பெரும்பாலும் ஆய்வுகூடங்களில்தான் இருந்தது. ஹீத்கிற் என்ற பெயரில் ஒரு தலைமுறைக்கு இலத்திரனியல் படிப்பித்தது அந்தக் கொம்பனிதான். நியூயோர்க்கில் கோர்ட்லண்ட் வீதியைச் சுற்றி 1920களிலிருந்தே றேடியோக் கடைகளின் தெருவொன்று இருந்தது. 1966இல் உலக வர்த்தக மையம் கட்டுவதற்காக அதை இடித்தார்கள். இரட்டைக் கோபுரங்களின் அடியில் புதைந்தது ஒரு உதிரிப்பாகச் சந்தை என்பது பலருக்குத் தெரியாது. யப்பானின் அகிஹபராவும் போருக்குப் பிந்தைய கறுப்புச் சந்தையில் குழாய் விற்றவர்களால் உண்டானதுதான்.

இதையெல்லாம் வெள்ளைக்காரரின் பொழுதுபோக்கு என்று நினைத்துவிடக் கூடாது. இலங்கையில் முதலில் கேட்ட வானொலியே மிச்சச் சாமானில் செய்ததுதான். 1923இல் கொழும்பு மத்திய தந்தி அலுவலகத்தின் ஒரு சின்ன அறையிலிருந்து எட்வேர்ட் ஹார்ப்பர் என்ற தலைமைப் பொறியியலாளர் இசைத்தட்டுகளைப் பரீட்சார்த்தமாக ஒலிபரப்பினார். அவருடைய ஆட்கள் அந்த ஒலிபரப்பியைக் கட்டியது முதலாம் உலகப்போரில் பிடிபட்ட யேர்மன் நீர்மூழ்கிக் கப்பல் ஒன்றின் வானொலிச் சாதனங்களை வைத்து. 1925 டிசெம்பரில் அது முறையான சேவையாயிற்று. ஆசியாவிலேயே மிகப் பழைய வானொலிகளில் ஒன்று. பிறகு இரண்டாம் போர். தென்கிழக்காசியத் தளபதியாக மௌண்ட்பேற்றன் கண்டியில் இருந்த காலத்தில் படையினருக்காக றேடியோ சியாக் என்று சிற்றலை நிலையம் அமைத்தார்கள். படை போனது, ஒலிபரப்பி நின்றது. 1949இல் அது இலங்கை அரசிடம் வந்தது. 1950களில் தமிழ்நாட்டின் மூலை முடுக்கெல்லாம் சினிமாப்பாட்டுக் கேட்க முள்ளைத் திருப்பிய இலங்கை வானொலி, ஒரு சாம்ராச்சியம் விட்டுப்போன மிச்சத்தின் மேல் நின்றது. அந்தக் குரல்களை நினைத்து உருகுகிற எங்களில் எத்தனை பேர் அந்த இரும்பை நினைத்தோம்?

சரி, கனடாவுக்கு வருவோம். போர் மிச்சம் எவ்வளவு காலத்துக்குத்தான் வரும்? 1960களோடு அது வற்றத் தொடங்கியது. அதற்குப் பிறகு கடைகளுக்குத் தீனி போட்டது உள்ளூர்த் தொழிற்சாலைகள். இங்கேதான் பிறம்ரன் வருகிறது.

பிறம்ரனுக்கு இப்போது வருபவர்கள் அதை வீடுகளும் லொறிகளும் நிறைந்த ஊராகக் காண்கிறார்கள். டிக்சி வீதி 8200ஆம் இலக்கத்தில் ஒரு பரந்த கட்டடம் இருக்கிறது. வாசலில் ரொஜேர்ஸ் என்று சிவப்பு எழுத்து. அது முன்பு தொலைபேசி இணைப்பகப் பொறிகள் செய்யும் தொழிற்சாலை. கொம்பனி, நோர்தேர்ண் எலெக்ற்றிக். 1895இல் மொன்றியலில் தொடங்கி, 1976இல் நோர்தேர்ண் ரெலிகொம் ஆகி, 1998இல் நோர்ட்டெல் ஆனது. 1990களின் நடுவில் அந்தத் தொழிற்சாலையைத் தலைமையகமாக மாற்றினார்கள். உள்ளே தெருக்கள், சந்திகள் என்று ஒரு நகரம் போல வடிவமைத்திருந்தார்கள். கட்டடக்கலைச் சஞ்சிகைகள் புகழ்ந்தன. எனக்கு அந்தப் புகழ்ச்சி எப்போதும் கொஞ்சம் இடிக்கும். ஒரு பொருளைச் செய்த தளத்தில் பிறகு கூட்டங்கள் நடந்தன என்பதுதானே அதன் பொருள்?

பொருள் செய்யும் இடத்தில் மிச்சம் விழும். தொலைபேசிப் பொறி ஒன்றுக்கு ஆயிரக்கணக்கான றிலேக்கள், இணைப்பிகள், தடைகள், மின்தேக்கிகள் வேண்டும். வடிவம் மாறினால் பழைய பாகம் பெட்டியோடு வெளியே போகும். நோர்ட்டெல் மட்டுமில்லை. ரொறன்ரோ டொன் மில்ஸில் ஐபிஎம்மின் தொழிற்சாலை இருந்தது. 1990களில் அதிலிருந்து செலெஸ்ரிக்கா பிறந்தது. மிசிசாகா, மார்க்கம், ஸ்கார்பரோ எங்கும் சின்னச் சின்னப் பூட்டும் கொம்பனிகள். 1980களில் அகதிகளாக வந்த எங்கள் ஆட்களில் எத்தனையோ பேர், ஆண்களும் பெண்களும், இந்தப் பூட்டும் வரிசைகளில் நின்று ஈயம் வைத்திருக்கிறார்கள். ஆங்கிலம் வேண்டியதில்லை, கையும் கண்ணும் இருந்தால் போதும் என்று எடுத்தார்கள். ரொறன்ரோத் தமிழரின் பொருளாதார வரலாறு எழுதுகிறவர்கள் உணவகச் சமையலறையையும் ராக்சியையும் எழுதுவார்கள். பூட்டும் வரிசையை யாரும் ஒழுங்காக எழுதவில்லை.

2000ஆம் ஆண்டில் நோர்ட்டெல்லின் சந்தைப் பெறுமதி ஏறக்குறைய 400 பில்லியன் கனேடிய டொலர். ரொறன்ரோப் பங்குச் சந்தைச் சுட்டெண்ணில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அந்த ஒரே கொம்பனி. உலகெங்கும் 90,000க்கு மேற்பட்ட ஊழியர்கள். 124 டொலருக்குப் போன பங்கு 2002இல் 47 சதத்துக்கு விழுந்தது. 2009 ஜனவரி 14 அன்று வங்குரோத்துப் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனது. சேமிப்பை இழந்தவர்களையும் ஓய்வூதியம் குறைந்தவர்களையும் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது. நான் சொல்ல வருவது வேறு. 2011இல் கடைசியாக மிஞ்சியிருந்ததை ஏலம் விட்டபோது 4.5 பில்லியன் அமெரிக்க டொலருக்குப் போனது என்ன தெரியுமா? சுமார் 6,000 காப்புரிமைகள். அப்பிள், மைக்ரோசொப்ற், சோனி போன்றவை கூட்டாக வாங்கின. லொறியில் ஏற்றத்தக்க மிச்சம் அவ்வளவுக்கு இல்லை. பொறிகளை வேறு நாடுகளில் வேறு கொம்பனிகள் பூட்டத் தொடங்கி நெடுநாள். மிச்சமே கடதாசியாகிவிட்டது. கடதாசியைக் குயின் வீதியில் பெட்டியில் போட்டு விற்க முடியாது.

ஆகவே வாடகை, இணையம் என்று சொல்வதற்கு முன்பே கடையின் பின்கதவு அடைபட்டுவிட்டது. தொழிற்சாலைகள் தென்சீனாவுக்கும் மெக்சிக்கோவுக்கும் போயின. இங்கே எஞ்சியவையும் தேவைக்கு அன்றன்று பாகம் எடுக்கும் முறைக்கு மாறின. களஞ்சியத்தில் தேங்குவது நட்டம் என்று முகாமைக் கல்லூரிகள் படிப்பித்தன. தேங்காவிட்டால் மிச்சம் ஏது?

பாகங்களும் சுருங்கின. பழைய தடையொன்று அரிசியைவிடக் கொஞ்சம் நீளம், நிறக்கோடுகள் போட்டிருக்கும், இரண்டு பக்கமும் கம்பிக் கால். விரலால் பிடிக்கலாம், கோட்டைப் பார்த்து அளவைச் சொல்லலாம், கழற்றிப் பிறகும் பாவிக்கலாம். இப்போது பலகையின் மேற்பரப்பிலே ஒட்டும் தடை. பரவலான ஓர் அளவு 1 மில்லிமீற்றர் நீளம், அரை மில்லிமீற்றர் அகலம். தும்மினால் போய்விடும். அதைப் பெட்டியில் கொட்டி வைத்து, வருகிறவர் கிண்டிப் பொறுக்கும் வியாபாரம் நடக்காது.

பிறகு சட்டம். 2009 ஏப்ரலில் ஒன்ராறியோவில் இலத்திரனியல் கழிவுகளைச் சேகரிக்கும் திட்டம் தொடங்கியது. அப்போது புது ரிவி வாங்கினால் ஒரு கட்டணம் இருந்தது, பழையதை அங்கீகாரம் பெற்ற மீள்சுழற்சி நிலையத்துக்குக் கொடுக்கலாம். நல்ல நோக்கம்தான். ஈயமும் பாதரசமும் மண்ணில் போகக் கூடாது. சீனாவின் குயியூ கிராமங்களில் பலகைகளை நெருப்பில் வாட்டிச் செம்பு எடுத்த மனிதர்களின் சுவாசப்பையை நினைத்தால் ஒரு தாதியாக நான் அதை எதிர்க்க மாட்டேன். ஆனால் அங்கீகாரம் பெற்ற நிலையத்தில் பெரும்பாலும் நடப்பது அரைப்பது. ஓடுகிற மோட்டரும் ஓடாத மோட்டரும் ஒரே அரைப்பொறிக்குள் போகும். மறுபக்கம் செம்பு, அலுமினியம், பிளாஸ்ரிக் தூள். பாடசாலைச் சுவரில் பாவனையைக் குறை, திரும்பப் பாவி, மீள்சுழற்சி செய் என்று மூன்று அம்புக்குறி ஒட்டியிருக்கும். நடுவிலிருக்கிற அம்பின் வேலையைச் செய்தவை இந்தக் கடைகள்தான்.

இந்த இடத்தில் எனக்கு வேதாகமம் நினைவுக்கு வருகிறது, மன்னியுங்கள், ஞாயிறுப் பள்ளிப் பழக்கம். லேவியராகமம் 19ஆம் அதிகாரத்தில் ஒரு விவசாயச் சட்டம் உண்டு. வயலை ஓரம்வரை வழித்து அறுக்காதே, சிந்தியதைத் திரும்பப் பொறுக்காதே, அது ஏழைக்கும் அந்நியனுக்கும் உரியது. ரூத்தின் கதை முழுவதும் அந்தச் சட்டத்தின் மேல்தான் நிற்கிறது. மோவாபிலிருந்து வந்த விதவை, வேற்று இனத்தவள், போவாசின் வயலில் கதிர் பொறுக்கப் போகிறாள். அதை யாரும் பிச்சையாக நினைக்கவில்லை. அவளுக்கு அது உரிமை. மிச்சம் எட்டும் இடத்தில் விழ வேண்டும், வந்தேறியும் குனிந்து எடுக்கலாம் என்று ஒரு சமூகம் எழுதி வைத்தது. சர்ப்ளஸ் கடைக்காரர்கள் புண்ணியவான்கள் இல்லை, இலாபத்துக்கு விற்றார்கள். ஆனாலும் ஒரு தொழிற்சாலையின் வயலோரத்தை 50 சதத்துடன் வருகிறவனுக்கும் எட்டும்படி வைத்திருந்தார்கள். சான்றிதழ் கேட்கவில்லை. கனேடிய அனுபவம் கேட்கவில்லை. புதிதாக வந்தவர்களுக்கு அந்தக் கேள்வி எவ்வளவு வலிக்கும் என்று இங்கே விளக்க வேண்டியதில்லை.

இணையத்தைப் பற்றியும் நியாயமாகச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் மினசோற்றாவின் ஒரு சின்ன ஊரில் 1972இல் தொடங்கிய டிஜிக்கீ இன்று இலட்சக்கணக்கான பாகங்களை வைத்திருக்கிறது. இரவில் ஓடர் பண்ணினால் ஓரிரு நாளில் வாசலுக்கு வரும், அளவுத்தாளும் இலவசம். என்ன பாகம் வேண்டும் என்று தெரிந்தவருக்கு இதைவிட நல்ல காலம் இருந்ததில்லை. ஈபே, அலிஎக்ஸ்பிறெஸ் வந்தபிறகு விலையும் விழுந்தது. அதற்குப் பின்னால் ஒரு தபால் இரகசியமும் உண்டு. நாடுகளுக்கிடையிலான பழைய தபால் உடன்படிக்கைப்படி சீனாவிலிருந்து வரும் சின்னப் பொதியை மிகக் குறைந்த கட்டணத்துக்கு இங்கத்தைய தபால்காரர் கொண்டுவந்து தர வேண்டியிருந்தது. ஒரு சின்னப் பொதி பிறம்ரனிலிருந்து ஸ்கார்பரோவுக்குப் போவதைவிட ஷென்ஷெனிலிருந்து பிறம்ரனுக்கு மலிவாக வரும். 2019இல் ஜெனீவாவில் கூடித்தான் அதைத் திருத்தத் தொடங்கினார்கள். அதற்குள் கடைகள் போய்விட்டன.

என்ன வேண்டும் என்று தெரியாதவருக்குத்தான் இணையத்தில் இடமில்லை. தேடுபெட்டியில் ஒரு பெயரை எழுத வேண்டும். பெயர் தெரியாத பொருளைக் கையில் எடுத்து, திருப்பி, இது என்ன என்று பக்கத்தில் நிற்பவரைக் கேட்க முடியாது. கலிபோர்னியாவில் ஸ்ரீவ் ஜொப்ஸ் பாடசாலை வயதில் வேலை செய்தது ஹோல்ரெக் என்ற மிச்சச் சாமான் கடையில். பாகங்களின் விலையை அவர் கற்றது அங்கேதான். அந்தப் பள்ளத்தாக்கிலேயே வியர்ட் ஸ்ரவ் என்ற களஞ்சியக் கடை 2018 ஏப்ரலில் மூடப்பட்டது. அவர்கள் வாடகைக்கிருந்த கட்டடத்தை வாங்கியது கூகிள்.

றேடியோ ஷக்கின் கதையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1921இல் பொஸ்ரனில் கப்பல் வானொலிக்காரருக்காகத் தொடங்கிய கடை. பல ஆண்டுகள் ஓர் அட்டை கொடுப்பார்கள், காட்டினால் மாதம் ஒரு பற்றறி இலவசம். கனடாவில் அதன் கடைகள் 2005இல் த சோர்ஸ் ஆயின, 2009இல் பெல் வாங்கியது, 2024இல் பெஸ்ற் பை எக்ஸ்பிறெஸ் என்று பெயர் மாற்றத் தொடங்கினார்கள். ஒவ்வொரு பெயர் மாற்றத்திலும் பாகங்கள் வைத்த இழுப்பறை குறைந்து, கைத்தொலைபேசி உறை கூடியது.

மாதம் ஒரு பற்றறி இலவசம் என்று கேட்டபோது நான் சிரித்துவிட்டேன். ஏன் என்று யாழ்ப்பாணத்தில் 1990களைக் கழித்தவர்களுக்கு விளங்கும். 1990 யூனில் போர் திரும்பவும் மூண்டபிறகு குடாநாட்டில் மின்சாரம் இல்லை. பற்றறி தடைசெய்யப்பட்ட பொருள். ஆனால் செய்தி கேட்காமல் இருக்க முடியுமா? பிபிசி தமிழோசை, மணிலாவிலிருந்து கத்தோலிக்கத் திருச்சபையின் வெரித்தாஸ், இரண்டுக்கும் ஊர் காத்திருக்கும். செத்த பற்றறியை வெயிலில் காயவைத்து இன்னும் ஐந்து நிமிடம் பிழிவார்கள். அதுவும் முடிந்தால் சைக்கிள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைக் கையால் சுற்றுவார், டைனமோவிலிருந்து வயர் றேடியோவுக்குப் போகும். சுற்றுகிறவர் களைத்தால் செய்தியும் களைக்கும். எங்கள் வீட்டில் அது அண்ணாவின் வேலை, முக்கியமான இடத்தில் அவர் வேகம் குறைத்தால் அப்பாவின் குரல் உயரும்.

இதில் எல்லோரும் சைக்கிளைத்தான் சொல்வார்கள். டைனமோவை அப்படியே றேடியோவில் பொருத்த முடியாது. சைக்கிள் டைனமோ தருவது 6 வோல்ற் அளவில், திசை மாறி மாறி ஓடும் மின். றேடியோவுக்கு ஒரே திசையில் ஓடும் மின் வேண்டும். நடுவில் நான்கு டயோட்டை ஒரு சதுரமாகப் பூட்ட வேண்டும். அதன் பிறகும் மின் அலையலையாக வரும், இரைச்சலில் குரல் கேட்காது. அதை அமைதிப்படுத்த ஒரு பெரிய மின்தேக்கி வேண்டும். நான்கு டயோட், ஒரு மின்தேக்கி. கொழும்பிலிருந்து வராது. அவை கிடைத்தது றேடியோ திருத்தும் கடைகளின் பின்னறையில், யாரும் திரும்ப எடுக்க வராத பழைய ரிவிகளுக்குள். திருத்துகிறவர் பல ஆண்டுகளாக எறியாமல் வைத்திருந்த குப்பை அது. சில ஆண்டுகள் ஒரு குடாநாடு வெளியுலகத்தைக் கேட்டது அந்தக் குப்பையின் தயவில். எந்த வரலாற்றுப் புத்தகத்திலும் அந்தப் பின்னறைகளுக்கு ஒரு பத்தியும் நான் கண்டதில்லை. பதுங்குகுழி இருக்கிறது, மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார்சைக்கிள் இருக்கிறது, டயோட் இல்லை.

இதே ரொறன்ரோவில் 1925இல் எட்வேர்ட் ரொஜேர்ஸ் என்ற இளைஞர் பற்றறி இல்லாமல், வீட்டு மின்சாரத்திலேயே ஓடும் றேடியோவைச் செய்து கண்காட்சியில் வைத்தார். 1927இல் அவர் தொடங்கிய சிஎப்ஆர்பி நிலையத்தின் பெயரிலுள்ள கடைசி எழுத்து பற்றறியின்மையைக் குறிக்கும். அவருடைய மகன் தொடங்கிய கொம்பனியின் பெயர்தான் இப்போது டிக்சி வீதிக் கட்டடத்தில் இருக்கிறது. பற்றறி இல்லாத றேடியோ ரொறன்ரோவில் ஒரு வசதி. எங்களுக்கு மின்சாரமும் இல்லாமல் அதைச் செய்ய வேண்டியிருந்தது.

தட்டுப்பாடு என்பது பின்தங்கிய இடங்களுக்கு மட்டும் வருவது என்ற நம்பிக்கை இங்கே பலருக்கு இருந்தது, 2020 வரைக்கும். அந்த வசந்தகாலத்தில் சுவாசக் கருவிகள் போதாமல் உலகமே தவித்தபோது, வைத்தியசாலைகளில் கருவி திருத்தும் தொழில்நுட்பர்களுக்குப் பல கருவிகளின் திருத்தக் கைநூல்கூடக் கையில் இல்லை. செய்தவர்கள் பூட்டி வைத்திருந்தார்கள். ஐபிக்சிற் என்ற அமெரிக்கக் குழு நூலகர்களின் உதவியோடு ஆயிரக்கணக்கான மருத்துவக் கருவிக் கைநூல்களைத் திரட்டி 2020 மேயில் இலவசமாக இணையத்தில் வைத்தது. வார்ட்டில் நாங்கள் நாளாந்தம் கையாளும் மருந்தேற்றும் பொறி ஒன்று கத்தினால் அதைத் தள்ளி வைத்து வேறொன்றை எடுக்கத்தான் எங்களுக்குப் பழக்கம். வேறொன்று இருக்கும் வரையில் அது நல்ல பழக்கம்.

கடைகள் செத்துவிட்டன என்று சொன்னேன், முழுதும் சரியில்லை. இடம் மாறிவிட்டன. ஷென்ஷெனின் ஹுவாசியாங்பெய் பகுதியில் 1988இல் முதற் பெரிய இலத்திரனியல் சந்தை திறக்கப்பட்டது. பிறகு அதைச் சுற்றி மாடி மாடியாகக் கடைகள் எழுந்தன. புதுச் சரக்கு, மிச்சச் சரக்கு, கழற்றிய சரக்கு எல்லாம் அங்கே கிடைக்கும். எங்கே தொழிற்சாலையோ அங்கே மிச்சம். சென்னையில் அண்ணா சாலைக்குப் பக்கத்து ரிச்சித் தெருவில் கண்காணிப்புக் கமெராவும் மடிக்கணினியும் முன்னுக்கு வந்துவிட்டன. ஆனாலும் உள்ளே நுழைந்தால் டயோட்டை எண்ணிக் கொடுக்கிற கடை இன்னும் இருக்கிறது. அங்கே திருத்துகிறவரின் கூலி பொருளின் விலையைவிடக் குறைவு. இங்கே அது தலைகீழ். ஒரு மணித்தியாலக் கூலிக்குப் புது றேடியோவே வாங்கலாம். அந்தக் கணக்கு மாறாமல் எந்தக் கடையும் திரும்பி வராது என்றுதான் நினைக்கிறேன்.

சட்டம் மெதுவாக வருகிறது. 2024 நவம்பரில் கனடாவின் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தி, திருத்த வேலைக்காக ஒரு கருவியின் மென்பொருட் பூட்டை உடைப்பது குற்றமில்லை என்றார்கள். பாகம் தர வேண்டும் என்று அந்தச் சட்டம் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. கியூபெக் மாகாணம் 2023 ஒக்ரோபரில் ஒருபடி மேலே போய், பாகமும் திருத்தத் தகவலும் கிடைக்கச் செய்வதைக் கடமையாக்கியது. ஒன்ராறியோவில் அப்படி ஒன்று இன்னும் இல்லை.

2009இல் அம்ஸ்ரர்டாமில் தொடங்கிய ரிப்பெயர் கபே என்ற வழக்கம் ரொறன்ரோவிலும் இருக்கிறது. நூலகத்திலோ தேவாலய மண்டபத்திலோ மாதம் ஒருநாள் மேசை போடுவார்கள். உடைந்த விளக்கை, கோப்பி மேக்கரைக் கொண்டுபோனால் தொண்டர்கள் இலவசமாகத் திருத்தித் தருவார்கள், பக்கத்தில் இருத்திக் காட்டியும் கொடுப்பார்கள். அவர்களில் ஓய்வுபெற்றவர்கள் நிறையப் பேர். ஒவ்வொருவரும் சொந்தமாக ஒரு பெட்டி கொண்டுவருவார்கள், சின்னச் சின்ன இழுப்பறை வைத்த பிளாஸ்ரிக் பெட்டி. ஒருமுறை ஒரு முதியவரிடம் இந்தச் சுவிட்ச் எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டேன். குயின் வீதியில், அந்தக் கொரில்லாக் கடையில் என்றார். இரண்டு டொலருக்கு ஒரு பை நிறைய வாங்கினாராம். பையில் இன்னும் நான்கு இருந்தன.